ஊன்றுகோல் பிடித்தவன் இல்லத்துக்கு மருந்து எங்கே?

போர்முனையில் வீழ்ந்த வீரனுக்கு மலர் வளையம் வைக்கிறார்கள். வைக்கத்தான் வேண்டும். உடல் மீது கொடி போர்த்துகிறார்கள், துப்பாக்கிகள் வானோக்கி முழங்குகின்றன, அமைச்சர்கள் வருகிறார்கள், ஊரே தெருவில் நின்று கண்ணீர் வடிக்கிறது. தாம்பரத்து மக்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2014 ஏப்ரல் 25-ஆம் நாள் காஷ்மீரத்து சோபியான் பகுதியில் உயிர் நீத்த மேஜர் முகுந்த் வரதராஜன் இந்த வட்டாரத்தோடு வாழ்ந்தவர். தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் பயின்றவர். பரங்கிமலைப் பயிற்சிக் கழகத்தில் படை அதிகாரியாக உருவானவர். மறைந்த பிறகு அவருக்கு அசோகச் சக்கரம் அளிக்கப்பட்டபோது, அந்தப் பெருமையிலே பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் சேலையூருக்கும் பங்கு இருந்தது.

ஆனால், தோழர்களே! போர்முனைக்குப் போகிறவன் இரண்டே வகையில்தானா திரும்புகிறான்? ஒன்று வெற்றி வீரனாக, அல்லது கொடி போர்த்திய பெட்டியில் என்று இரண்டே வகையா? மூன்றாவது வகை ஒன்று உண்டே! காலை இழந்து, கண்ணை இழந்து, முதுகெலும்பு முறிந்து, மூச்சுப்பை நைந்து, சில வேளை மனமே நொறுங்கித் திரும்புகிறானே, அவனுக்கு மலர் வளையம் இல்லை. அவன் உயிரோடு இருக்கிறான். அவனுக்குத் துப்பாக்கி முழக்கம் இல்லை. அவன் இன்னும் இருமிக்கொண்டிருக்கிறான். அவன் வீட்டிலே மனைவி இருக்கிறாள், குழந்தைகள் இருக்கிறார்கள், வயதான தாய் தகப்பன் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வரும், பிரசவம் வரும், சர்க்கரை நோய் வரும். அப்போது அவர்கள் எந்தக் கதவைத் தட்டுவது?

“கதவு இருக்கிறதே, திட்டம் இருக்கிறதே!” என்பார்கள் டில்லியிலே இருப்பவர்கள். இருக்கிறது, மறுப்பாரில்லை. அந்தக் கதவுக்குப் பூட்டு எங்கே போட்டிருக்கிறது, சாவி யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் நாம் கேட்கிறோம்.

திட்டம் என்ன சொல்கிறது?

முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் முதல் நாள் தொடங்கியது. ஈ.சி.எச்.எஸ். என்று படைவீரர் குடும்பங்களில் சொல்வார்கள். நாடெங்கும் 400-க்கு மேற்பட்ட பாலிகிளினிக்குகள் உள்ளன. தாம்பரத்திலும் ஒன்று உண்டு. ஊரப்பாக்கத்திலிருந்தும் முடிச்சூரிலிருந்தும் மாடம்பாக்கத்திலிருந்தும் பழைய சிப்பாய்களும் அவர்களுடைய வீட்டுப் பெண்களும் காலையிலேயே கிளம்பி அங்கே வருகிறார்கள். அங்குள்ள மருத்துவர் பார்த்து மருந்து எழுதுவார். அவரால் முடியாததென்றால் ராணுவ மருத்துவமனைக்கோ, திட்டத்தின் பட்டியலில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைக்கோ சீட்டுக் கொடுத்து அனுப்புவார். பணம் கட்டாமல் அங்கே சிகிச்சை பெறலாம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் சீட்டுக்குக் காத்திராமல் நேரே போய்ச் சேரலாம்.

இதற்கு ஒரே ஒரு முறை சந்தா கட்டவேண்டும். 2017 டிசம்பர் இறுதியில் வந்த ஆணையின்படி, சிப்பாய் முதல் ஹவில்தார் வரை 30,000 ரூபாய்; நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000; அதிகாரிகளுக்கு 1,20,000. 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும் போரில் கணவனைப் பறிகொடுத்த கைம்பெண்களுக்கும் சந்தா இல்லை.

குடும்பம் என்றால் யார் யார்? மனைவி. 25 வயது வரை, அதற்குமுன் சம்பாதிக்கத் தொடங்காத மகன். மணமாகும் வரை, அல்லது சொந்தக் காலில் நிற்கும் வரை மகள். ஊனமுற்ற பிள்ளையென்றால் ஆயுள் முழுவதும். அவனையே நம்பியிருக்கும் தாய் தந்தையர், அவர்களுடைய மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் தாண்டாமல் இருந்தால்.

நல்ல திட்டம்தான். உள்ளே நுழைந்துவிட்டவனுக்கு அது பெரும் துணை. 2025–26 வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கு 8,317 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பணத்தை ஒதுக்கியதற்காகப் பாராட்டுவோம். பாராட்டிவிட்டு, வாசலில் எழுதியிருக்கும் அந்த ஒற்றைச் சொல்லைப் படித்துப் பார்ப்போம்.

வாசலில் எழுதியிருக்கும் சொல்

அந்தச் சொல், பென்ஷன்.

பென்ஷன் வாங்குகிற முன்னாள் படைவீரன் உள்ளே வரலாம். ஊனத்துக்கான பென்ஷன் வாங்குகிறவனும் வரலாம். பென்ஷன் இல்லாதவன்? வெளியே நிற்கவேண்டும். அவன் நின்றால் அவன் மனைவியும் நிற்கவேண்டும்; அவன் குழந்தையும் நிற்கவேண்டும்.

சாதாரணச் சிப்பாய்க்கு முழுப் பென்ஷன் கிடைக்க 15 ஆண்டு பணி வேண்டும். நோயாலோ விபத்தாலோ இடையில் உடல் கெட்டவனைப் படையில் வைத்துக்கொள்வதில்லை. மருத்துவக் குழு முன் நிறுத்தி, “நீ இனி உதவமாட்டாய்” என்று எழுதி வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அப்போது அந்தக் குழு இன்னொரு கேள்விக்கும் விடை எழுதுகிறது. இந்த ஊனம் படைப்பணியால் வந்ததா? அல்லது படைப்பணியால் முற்றியதா? இரண்டில் ஒன்றுக்கு “ஆம்” என்றால் ஊனப் பென்ஷன் உண்டு. இரண்டுக்கும் “இல்லை” என்றால் ஊனப் பென்ஷன் கிடையாது.

குண்டடி பட்டவனுக்குத் தகராறில்லை. குண்டு சாட்சி சொல்லும். தகராறு எங்கே வருகிறது? இருதய நோயில் வருகிறது. சிறுநீரக நோயில் வருகிறது. மனநோயில் வருகிறது. பனிமலை உச்சியில் மாதக்கணக்கில் காவல் நின்றவன், உறக்கமின்றி எல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், வீட்டில் தாய் இறந்த சேதி கேட்டும் உடனே வர முடியாதவன், ஒரு நாள் மனம் கலங்கி விழுகிறான். “இது பரம்பரை நோய், இயற்கையாக வந்தது, படைக்கு இதில் பொறுப்பில்லை” என்று தாளிலே ஒரு வரி! அந்த ஒரு வரிதான் பூட்டு.

படையில் சேர்க்கும்போது அவனைத் தலைமுதல் கால்வரை சோதித்தார்களே! பல்லை எண்ணினார்களே, மார்பை அளந்தார்களே, கண்ணைப் பரிசோதித்தார்களே! அப்போது இல்லாத நோய் பிறகு எங்கிருந்து வந்தது? இதே கேள்வியைத்தான் உச்சநீதிமன்றம் 2013-இல் தரம்வீர் சிங் வழக்கிலே கேட்டது. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு எதுவும் இல்லையென்றால், பிறகு வந்த ஊனம் படைப்பணியோடு தொடர்புடையது என்றே கொள்ளவேண்டும். இல்லை என்று காட்டும் பொறுப்பு படையினுடையது, சிப்பாயினுடையது அல்ல என்று தெளிவாகத் தீர்ப்புரைத்தது. 2015-இல் பாதுகாப்பு அமைச்சரே அமைத்த நிபுணர் குழு, ஊனமுற்ற வீரர்களை நீதிமன்றம் நீதிமன்றமாக இழுத்தடிக்கும் வழக்கத்தைக் கைவிடும்படி எடுத்துச் சொன்னது.

அதற்குப் பிறகும் வழக்குகள் நிற்கவில்லை. படைவீரர் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளையிலும் அவை நடக்கின்றன. வழக்கு நடக்கட்டும், சட்டம் ஆராயப்படட்டும். ஆனால் வழக்கு நடக்கும் ஆண்டுகளில் அவன் குழந்தைக்கு வரும் நிமோனியா தீர்ப்புக்குக் காத்திருக்குமா? மனைவியின் மார்பிலே தோன்றிய கட்டி, “வாய்தா முடியட்டும், பிறகு வளர்கிறேன்” என்று சொல்லுமா?

கோடு கிழிக்கும் தேதிகள்

“பத்தாண்டு பணி முடிக்காமல் நோயால் வெளியேறியவர்களுக்கும் பென்ஷன் கொடுத்தோமே!” என்று சொல்வார்கள். உண்மை. 2020 ஜூலையில் அந்த ஆணை வந்தது. அதற்குமுன் பத்தாண்டு நிறைவு செய்யாதவனுக்கு, நோய் படைப்பணியால் வரவில்லையென்றால், ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதை மாற்றியது நல்ல செயல்தான். ஆனால் ஆணையிலே ஒரு தேதி போட்டார்கள். 2019 ஜனவரி 4 அன்றோ அதற்குப் பிறகோ படையில் இருந்தவர்களுக்கு மட்டும் என்றார்கள்.

ஜனவரி 3-ஆம் நாள் வெளியேறியவனுக்கு? அவன் கால் கால் இல்லையா? அவன் மனைவி மனைவி இல்லையா? இரண்டு சிப்பாய்கள், ஒரே நோய், ஒரே படைப்பிரிவு. இருவருக்கும் இடையே ஒரு நாள். அந்த ஒரு நாளுக்காக ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு மருத்துவ அட்டை; மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு வெறுங்கை!

பென்ஷன் என்ற சொல் மாற்ற முடியாத வேதவாக்கும் அல்ல. 2019 மார்ச் மாதம் மத்திய அமைச்சரவை அதைத் தானே தளர்த்தியது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியோர், அவசரகால அதிகாரிகள், குறுகியகாலப் பணி அதிகாரிகள், முன்கூட்டியே ஓய்வு பெற்றோர் ஆகிய பென்ஷன் இல்லாத பிரிவினர் இந்த மருத்துவத் திட்டத்தில் சேரலாம் என்று முடிவெடுத்தது. 40,000 பேருக்குமேல் பயன் பெறுவர் என்றும் அறிவித்தது. வரவேற்போம். ஆனால் அந்தப் பட்டியலை மறுபடி ஒரு முறை படியுங்கள். ‘ஊனத்தால் வெளியேற்றப்பட்டு, பென்ஷன் மறுக்கப்பட்ட சிப்பாய்’ என்று ஒரு வரி அதில் இருக்கிறதா? இல்லை.

பரங்கிமலைக்கு வாருங்கள். 1963 முதல் அங்கே படை அதிகாரிகளுக்குப் பயிற்சி நடக்கிறது. இத்தகைய பயிற்சிக் கழகங்களில் ஓடும்போதும் தாண்டும்போதும் நீந்தும்போதும் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே உணர்விழந்து போன இளைஞர்கள் நாட்டில் உண்டு. பயிற்சி முடியாததால் அவர்கள் அதிகாரியும் இல்லை, முன்னாள் படைவீரனும் இல்லை. கருணைத் தொகை என்று ஏதோ மாதாமாதம் கொடுத்தார்கள். மருத்துவ அட்டை கொடுக்கவில்லை. படுக்கையில் கிடக்கும் மகனுக்குத் தகப்பன் தன் சேமிப்பை விற்று வைத்தியம் பார்த்தான். இந்தச் செய்தி ஏட்டில் வெளிவந்தது. 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்து அரசைக் கேட்டது. அதே ஆகஸ்ட் மாத இறுதிக்குள் ஆணை வந்துவிட்டது! பயிற்சியால் ஊனமுற்று வெளியேறியவர்களுக்கு ஈ.சி.எச்.எஸ். சிகிச்சை உண்டு, சந்தாவும் வேண்டாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது.

இதிலிருந்து நாம் அறிவதென்ன? ‘முன்னாள் படைவீரன்’ என்ற பட்டம் இல்லாதவனுக்கும், பென்ஷன் இல்லாதவனுக்கும், மனம் வைத்தால் மருத்துவம் தர முடியும். சட்டம் குறுக்கே நிற்கவில்லை. பல ஆண்டாக முடியாதென்றது சில நாளில் முடிந்தது. அதிகாரியாக வேண்டியவனுக்கு முடிந்தது சிப்பாய்க்கு மட்டும் ஏன் முடியாது?

நாளை வரப்போகும் வரிசை

இன்னொரு வரிசை வரப்போகிறது. 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் கொண்டுவந்தார்கள். நான்காண்டு பணி, பிறகு நான்கில் ஒரு பங்கினரைத்தான் நிலையாக வைத்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை, முன்னாள் படைவீரன் என்ற நிலை இல்லை, ஈ.சி.எச்.எஸ். இல்லை. சேரும் விதிகளிலேயே இது எழுதப்பட்டது.

பணியில் ஊனமுற்றால்? 100 விழுக்காடு ஊனத்துக்கு 44 இலட்சம், 75-க்கு 25 இலட்சம், 50-க்கு 15 இலட்சம் என்று ஒரே தொகை. அத்துடன் எஞ்சிய காலச் சம்பளமும் சேவை நிதியும். 44 இலட்சம் என்றால் கேட்பவர் வாயைப் பிளப்பர். ஆனால் கணக்குப் போடுங்கள். 21 வயதில் முதுகெலும்பு முறிந்த பிள்ளை 60 வயது வரை வாழ்வான் என்று வைத்துக்கொள்வோம். 39 ஆண்டு! 44 இலட்சத்தை 39-ஆல் வகுத்து, 12-ஆல் வகுத்தால் மாதம் 9,400 ரூபாய். வட்டி வரும் என்பார்கள். விலைவாசியும் ஏறும் என்பதை மறந்துவிட்டு! அந்தப் பணத்திலேதான் சாப்பாடு, வாடகை, தூக்கி உட்காரவைக்க ஓர் ஆள், படுக்கைப் புண்ணுக்கு மருந்து, தாய்க்கு இரத்த அழுத்த மாத்திரை எல்லாம். ஒரே ஒரு பெரிய அறுவை சிகிச்சை வந்தால் பல ஆண்டுச் சோறு போய்விடும். 20 விழுக்காட்டுக்குக் கீழ் ஊனமென்றால் அந்தத் தொகையும் இல்லை.

தாம்பரம் விமானப்படை நிலையத்திலே ஆள் எடுக்கிறார்கள். தெற்கே செங்கல்பட்டிலிருந்தும் அப்பாலிருந்தும் ஏழைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் விடியுமுன் ஓடிப் பழகி வருகிறார்கள். அவர்களைத் தடுக்கச் சொல்லவில்லை. அனுப்பும் தகப்பன், “என் பிள்ளைக்கு அங்கே ஏதாவது ஆகிவிட்டால் ஆயுளுக்கும் வைத்தியம் யார் பார்ப்பது?” என்று கேட்க உரிமை உள்ளவன் என்றுதான் சொல்கிறோம்.

ஆலைத் தொழிலாளி பெற்ற உரிமை

இதைப் படிக்கும் ஆலைத் தொழிலாளித் தோழர்களுக்கு ஈ.எஸ்.ஐ. தெரியும். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதன் விதிகளிலே ஒன்று உண்டு. இயந்திரத்தில் கை போய், அதனால் வேலையும் போன தொழிலாளி ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால், ஓய்வு பெறும் வயது வரை அவனுக்கும் அவன் மனைவிக்கும் மருத்துவம் உண்டு என்று வைத்தார்கள். “எத்தனை ஆண்டு வேலை பார்த்தாய்? 15 முடித்தாயா?” என்று அங்கே கேட்கவில்லை. கை போனதா, வேலையில் போனதா என்பதே கேள்வி. 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. சட்டத்தின் பெயர் மாறலாம். காயத்தைப் பார்த்து மருந்து கொடு என்ற அந்தக் கொள்கை மாறலாமா?

கடல் கடந்தும் பார்ப்போம். அமெரிக்காவிலே 1973 முதல் சாம்ப்வா என்றொரு திட்டம் நடக்கிறது. படைப்பணியால் நிரந்தரமாக, முழுமையாக ஊனமுற்றவன் என்று தீர்மானிக்கப்பட்டவனுடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதன்படி மருத்துவச் செலவைப் பெரும்பகுதி அரசு ஏற்கிறது. படையில் இருபதாண்டு இருந்து ஓய்வூதியம் பெறுவோரின் குடும்பங்களுக்கு அங்கே வேறு திட்டம் உண்டு. அந்த ஓய்வூதியம் எட்டாமல், ஊனத்தால் இடையிலே வீழ்ந்தவன் வீட்டுக்காகவே இதைத் தனியாக வைத்தார்கள். அங்கும் ஊனம் பணியால் வந்ததா என்று பார்க்கிறார்கள். அங்கும் தாமதம் உண்டு, வழக்கு உண்டு. அமெரிக்கா சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. காசில்லாதவன் மருத்துவத்துக்கு அங்கே படும் பாடு உலகறிந்தது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே குடும்பத்துக்கான சாவியை ஊனத்திடம் கொடுத்தார்கள். இங்கே பென்ஷன் தாளிடம் கொடுத்தார்கள்.

“அரசு மருத்துவமனை இருக்கிறதே, போகட்டுமே” என்று சிலர் சொல்லக்கூடும். போகிறார்கள். 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கி, 1937-இல் அரசு ஏற்றுக்கொண்ட தாம்பரம் சானடோரியத்தின் வாசலிலே பென்ஷன் புத்தகத்தை யாரும் கேட்பதில்லை. அது நம் பெருமை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. ஆனால் கேள்வி அதுவல்ல. படைக்கு ஆள் எடுத்தது மத்திய அரசு. எல்லையில் நிறுத்தியது மத்திய அரசு. உடைந்தபின் அனுப்பியது மத்திய அரசு. உடைந்தவன் வீட்டு வைத்தியச் செலவை மட்டும் மாநிலத்தின் தலையில், நகராட்சியின் தலையில், அவன் மாமனார் தலையில் கட்டிவிட்டுப் போவது என்ன நியாயம்?

உள்ளே நுழைந்தவன் நிலையும் முழுச் சுகம் அல்ல. பாலிகிளினிக்கில் மருந்து தட்டுப்படுவதையும், மருத்துவமனைகளின் பில்களுக்குப் பணம் தாமதமாவதையும் மத்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரே 2015 அறிக்கையில் சுட்டிக்காட்டினார். பாக்கி ஏறினால் தனியார் மருத்துவமனை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கிழவி ஆட்டோவில் அடுத்த மருத்துவமனைக்குப் போகிறாள்.

நாம் கேட்பது மூன்று

ஒன்று: உடல் கெட்டதென்று படை வெளியேற்றும் நாளிலேயே, அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் மருத்துவ அட்டையைக் கையில் கொடு. ஊனம் பணியால் வந்ததா என்ற வாதத்தைப் பிறகு வைத்துக்கொள். வழக்கு முடியும் வரை அட்டை செல்லட்டும். பழைய தேதிகளால் வெளியே நிற்பவர்களையும் உள்ளே விடு.

இரண்டு: நான்காண்டு வீரனாயினும் நாற்பதாண்டு வீரனாயினும், பணியில் ஊனமுற்றவனுக்கும் அவனை நம்பியவர்களுக்கும் ஆயுள் மருத்துவம் உண்டு என்று சட்டமாக்கு.

மூன்று: மருத்துவமனைகளின் பாக்கியைக் காலத்தில் தீர், பாலிகிளினிக்கில் மருந்தை நிரப்பு.

பணம் ஏது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில். துப்பாக்கி வாங்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்டவர் யார்? துப்பாக்கி ஏந்தியவன் வைத்தியத்துக்கு மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? போருக்கான செலவு போர் முடிந்த அன்றோடு முடிவதில்லை. கடைசி ஊன்றுகோல் ஓயும் வரை அது போர்ச் செலவுதான்.

நம் கடமை

டில்லி கேட்கும்வரை நாம் கைகட்டி இருக்கவேண்டாம். பெருங்களத்தூரிலும் பல்லாவரத்திலும் ஒவ்வொரு தெருவிலும் ஒரு பழைய சிப்பாய் வீடு இருக்கும். அடுக்குமாடி வாயிலில் காவல்காரச் சட்டை போட்டு நிற்பவனில் பாதிப்பேரை விசாரித்தால் படைக் கதை வரும். மாலையில் படிப்பகத்தில் கூடும் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவர்களுக்காக ஒதுக்குங்கள்.

வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். மனைவியின் பெயர் படை ஆவணத்தில் சரியாக ஏறியிருக்கிறதா? எழுத்துப் பிழையால் அட்டை மறுக்கப்படுவதுண்டு. ஊனமுற்ற பிள்ளை இருந்தால் 25 வயதாகுமுன் ஊனச் சான்றிதழ் எடுத்தாயிற்றா? மருத்துவக் குழு கொடுத்த தாள் பெட்டியில் பத்திரமாக இருக்கிறதா? பென்ஷன் மறுக்கப்பட்டிருந்தால் மேல்முறையீடு செய்தாரா? தரம்வீர் சிங் தீர்ப்பை அவருக்கு யாராவது சொன்னார்களா? பென்ஷனே இல்லாதவரென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கொடிநாள் நிதியிலிருந்து கடும் நோய்களுக்கு உதவி உண்டு. 65 வயது கடந்த வறியவருக்கு மாதந்தோறும் தரும் தொகையை 2025 நவம்பர் முதல் 4,000-இலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தினார்கள். வருமானம் பொருந்தினால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் எழுதிப் போடுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒரு தோழரும், அலுவலகத்துக்குக் கூட நடக்க ஒரு தோழரும் போதும். பல வீடுகளில் குறைவது அவ்வளவுதான்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7-ஆம் நாள் கொடிநாள் வருகிறது. சட்டையில் சின்னக் கொடியைக் குத்திக்கொள்கிறோம், உண்டியலில் காசு போடுகிறோம். இந்த ஆண்டு காசு போடும்போது கூடவே ஒரு கேள்வியையும் போடுவோம். இந்தக் கொடிக்காக உடலைக் கொடுத்தவன் வீட்டிலே, இன்றிரவு ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், அந்தத் தாய் எந்த அட்டையை எடுத்துக்கொண்டு எந்த மருத்துவமனைக்குப் போவாள்? அதற்கு விடை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.